உள்ளி சர்க்கரையைக் குறைக்குமா? சின்ன உள்ளி, பல்லாரி, நம் ஊர் ஈரம்

நம் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர் நான்கு விஷயம் கேட்டிருக்கிறார். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்குத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பத்து சின்ன உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை, பச்சையாகக் கொடுக்கலாமா? பல்லாரி எனும் பெரிய வெங்காயத்தைவிட உள்ளி உண்மையிலேயே சத்தா? உள்ளி நம் மண்ணில் பிறந்த மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருவது சரியா? ஆனி மாதம் வாங்கி வைத்த ஐந்து கிலோ உள்ளி மூன்று வாரத்தில் அழுகியது ஏன்? நான்கையும் சேர்த்துப் படித்தால், அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான் என்று படுகிறது: உள்ளியை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாத்திரையைக் குறைத்துவிடலாமா? அதற்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குறைக்க முடியாது. உள்ளி நல்ல உணவு. தினமும் குழம்பிலும், துவரன் என்ற தேங்காய்ப் பொரியலிலும், சம்மந்தி என்ற துவையலிலும் சேரட்டும். மாத்திரையின் இடத்தில் அதை வைக்காதீர்கள். நான் உணவியல் படித்து, நீரிழிவுக்காரர்களுக்கு உணவுத் திட்டம் எழுதும் வேலையில் இருப்பவன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு, அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

வெங்காயம் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கும் என்ற செய்தி முழுப் பொய்யல்ல, அதனால்தான் அது சாகாமல் சுற்றுகிறது. 2015-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் மாநாட்டில் நைஜீரிய ஆய்வாளர்கள் ஒரு முடிவை வைத்தார்கள். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தோடு வெங்காயச் சாற்றுச் செறிவையும் கொடுத்தபோது, ஒரு அளவில் ரத்தச் சர்க்கரை பாதியாகவும் இன்னொரு அளவில் 35 சதவீதமும் இறங்கியது. செய்தித்தாள்கள் எலியையும் மெட்ஃபார்மினையும் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டன. அந்த எலிகளுக்குக் கொடுத்தது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 400, 600 மில்லிகிராம் செறிவு. வறுத்த உள்ளியோ சம்மந்தியோ அதற்கு ஈடாகாது. மனிதர்களிடம் செய்தது என்றால், 2010-இல் சூடானிலிருந்து வெளியான சிறிய ஆய்வு ஒன்று உண்டு. 100 கிராம் பச்சைச் சிவப்பு வெங்காயம் தின்ற நீரிழிவுக்காரர்களுக்கு நான்கு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கியதை அவர்கள் அளந்தார்கள். அது ஒரு பொழுதில் நடந்த சோதனை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குறைகிறதா, கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்படுகின்றனவா என்ற கேள்விகளுக்கு நான்கு மணி நேரச் சோதனை பதில் தராது. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: பச்சை வெங்காயம் அந்த நேரத்துச் சர்க்கரையைக் கொஞ்சம் தாழ்த்தக்கூடும். நீரிழிவைக் கட்டுக்குள் வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பத்து உள்ளி என்ற அளவையும் பார்க்க வேண்டும். உரித்த உள்ளி ஒன்று 8 முதல் 12 கிராம் வரை இருக்கும், ஆகப் பத்து என்பது ஏறக்குறைய 100 கிராம். வெறும் வயிற்றில் 100 கிராம் பச்சை உள்ளி என்பது வயதான வயிற்றுக்குக் கடுமையான காரியம். உள்ளியில் ஃப்ரக்டான் என்ற நார்ச்சர்க்கரை நிறைய இருக்கிறது. அதை அறுக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. நல்ல நுண்ணுயிர்கள் வளர்வதால் இது பொதுவில் நன்மையே. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கோ வயிறு உப்புசம், காற்று, வலி, வயிற்றுப்போக்கு என்று வந்து நிற்கும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஏற்கெனவே வயிறு சரியிருக்காது. அதன் மேல் இதையும் ஏற்றினால், மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கேட்டதில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பச்சை வெங்காயம் அமிலம் மேலேறுவதை அதிகமாக்கும் என்பதும் அளந்து பார்த்த உண்மை. அம்மாவுக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால், இரண்டு மூன்று உள்ளியைக் கஞ்சியோடோ மோரில் அரிந்து போட்டோ சாப்பிடட்டும். அதற்குப் பயன் என்ன என்று தெரிய வேண்டுமானால், குளுக்கோமீட்டரில் சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். கஞ்சியின் சோற்றைக் குறைத்துப் பயற்றைக் கூட்டிய நாளிலும் அதேபோல் பாருங்கள். இரண்டாவது மாற்றம்தான் எண்ணில் தெரியும்.

அடுத்து, பல்லாரியா உள்ளியா. இரண்டும் ஒரே தாவர இனம். பல்லாரி ஒற்றைக் கிழங்காகப் பருக்கும், உள்ளி ஒரே அடியிலிருந்து கொத்தாகப் பிரியும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் சத்துப் பட்டியலில், 100 கிராம் பெரிய வெங்காயத்தில் தண்ணீர் 89 கிராம், மாவுச்சத்து 9.3 கிராம், நார் 1.7 கிராம், பொட்டாசியம் 146 மில்லிகிராம், ஆற்றல் 40 கலோரி. நம் உள்ளிக்கு நெருங்கிய சிறு வெங்காயத்துக்குத் தண்ணீர் 80, மாவுச்சத்து 16.8, நார் 3.2, பொட்டாசியம் 334, ஆற்றல் 72. உள்ளியில் எல்லாம் இரட்டிப்பு என்று தோன்றும். தண்ணீர் குறைவு என்பதால் மற்றவை அடர்ந்திருக்கின்றன, விஷயம் அவ்வளவே. கந்தகச் சேர்மங்களும் அடர்ந்திருப்பதால்தான் உள்ளிக்குக் காரமும் மணமும் தூக்கலாக இருக்கின்றன. பணம் இடிக்கும் மாதத்தில் பல்லாரி வாங்குவதால் உடம்புக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது, நஷ்டம் தேங்காய் வறுத்தரைத்த தீயல் குழம்பின் ருசிக்கு மட்டும். ஆனால் டயாலிசிஸ் செய்கிறவர்கள், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் உள்ளியின் எடையைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். அவர்களுக்குப் பல்லாரியே நல்லது.

சத்தில் உண்மையான வித்தியாசம் நிறத்தில் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள் வெங்காயங்களில் குவெர்செட்டின் என்ற பொருள் நிறைய உண்டு, வெள்ளை வெங்காயத்தில் அனேகமாக இல்லை. ஆப்பிளில் உள்ள குவெர்செட்டினைவிட வெங்காயத்தில் உள்ளது மனித உடலுக்குள் நன்றாக ஏறுகிறது என்று 1990-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இந்தப் பொருள் கிழங்கின் வெளி அடுக்குகளில்தான் செறிந்திருக்கிறது. காய்ந்த தோலோடு சேர்த்து ஒரு சதை அடுக்கையும் உரித்து எறிவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது, குறிப்பாக உள்ளியில், உரிக்கச் சோம்பல் என்பதால். சின்ன உள்ளிக்கு இருப்பதே நான்கைந்து அடுக்கு, அதில் ஒன்றை எறிந்தால் போவது அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, தலையையும் வேரையும் மெல்லிசாக நறுக்கினால், காய்ந்த தோல் மட்டும் தனியே கழன்று வரும். குவெர்செட்டின் சாதாரணச் சமையல் சூட்டில் பெரிதாக அழியாது. வேகவைத்தால் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். குழம்பில் அந்தத் தண்ணீரையும் நாம் சாப்பிடுவதால் இழப்பு இல்லை. வடித்துக் கொட்டினால்தான் இழப்பு.

ரத்த அழுத்தத்துக்கு இந்தக் குவெர்செட்டின் உதவுமா என்பதற்கு ஓரளவு நல்ல ஆய்வு ஒன்று 2015-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. வெங்காயத் தோலிலிருந்து எடுத்த செறிவாக நாள் ஒன்றுக்கு 162 மில்லிகிராம் குவெர்செட்டின், ஆறு வாரம். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மாற்றம் இல்லை. ஏற்கெனவே அழுத்தம் கூடியிருந்தவர்களிடம் மட்டும் மேல் எண் 3.6 குறைந்தது. அந்த 162 மில்லிகிராமை வெங்காயமாகவே தின்று பெற வேண்டுமானால் தினமும் அரைக் கிலோவுக்குக் குறையாமல் தின்ன வேண்டியிருக்கும். கருவாடும் ஊறுகாயும் கொஞ்சம் குறைத்து உப்பை அடக்கினால் இதைவிட அதிகப் பலன் கிடைக்கும். கொழுப்புக்கும் கதை இதுவே: சிறிய ஆய்வுகள், குறுகிய காலம், சிறிய மாற்றம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் என்பது பச்சைச் சாற்றை வைத்துச் சோதனைக் குழாயில் பார்த்தது. வேகவைத்தால் அந்தத் தன்மை போய்விடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் வழக்கமான அளவில் உள்ளி சாப்பிடப் பயப்பட வேண்டாம். திடீரென்று தினமும் கைநிறையப் பச்சையாகத் தின்னத் தொடங்குவதை மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது.

வாட்ஸ்அப்பில் யாரும் எழுதாத ஒரு நன்மையை நான் பெரிதாக நினைக்கிறேன். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டது அது. அரிசி, பயறு வகைகளோடு வெங்காயமோ பூண்டோ சேர்த்தால், அந்தத் தானியத்திலிருந்து உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்பும் துத்தநாகமும் கூடுகின்றன என்று பரிசோதனைக் கூடத்தில் கண்டார்கள். பயற்றில் இரும்பு இருந்தும், அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் அந்தப் பிடியைத் தளர்த்துவதாகத் தெரிகிறது. மனிதர்களிடம் நீண்ட காலம் வைத்துச் செய்த ஆய்வு அல்ல இது, செரிமானத்தைக் குடுவையில் நடத்திப் பார்த்தது. ஆனாலும் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை என்பதால் தயங்காமல் சொல்கிறேன். சிறுபயறு கஞ்சிக்கு உள்ளியும் தேங்காயும் நெரித்துப் போடுவதும், மரச்சீனிக்கிழங்குக்கு உள்ளி சம்மந்தி வைப்பதும் நம் பக்கத்துப் பழக்கம். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு நான் எழுதும் உணவுத் திட்டத்தில் அந்தப் பயறு கஞ்சி எப்போதும் இருக்கும். சம்மந்தியில் புளி சேர்வதும் இரும்பு உறிஞ்சப்படுவதற்குத் துணை.

சமையலில் பலருக்குத் தவறுகிற இரண்டு இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெங்காயத்தின் செல் உடையும்போது உள்ளே தனித்தனி அறையில் இருந்த கந்தகப் பொருளும் அலினேஸ் என்ற நொதியும் சந்திக்கின்றன. காரம், மணம், கண்ணீர் எல்லாம் அந்தச் சந்திப்பில் பிறப்பவை. கண்ணீர் வாயுவை உண்டாக்கத் தனியாக இன்னொரு நொதி இருக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு செல் உடைகிறதோ, எவ்வளவு நேரம் அப்படியே கிடக்கிறதோ, அவ்வளவுக்குக் காரமும் கசப்பும் ஏறும். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கும்போது உள்ளியை முதலிலேயே மிக்சியில் போட்டு மைய அரைத்தால் குழம்பு கசப்பது இதனால்தான். தேங்காயும் மிளகும் மல்லியும் மசிந்த பிறகு, கடைசியில் நாலைந்து உள்ளியை வைத்து ஒரே சுற்று விட்டு எடுக்க வேண்டும். அம்மியில் அரைத்த காலத்தில் உள்ளியைக் கடைசியாக வைத்து நெரித்ததும் இதே காரணத்துக்குத்தான். கண் எரியாமல் அரிய, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து நல்ல கூர்மையான கத்தியால் நறுக்கினால் போதும். மழுங்கிய கத்தி செல்லை அறுக்காமல் நசுக்குகிறது.

இரண்டாவது தவறு உள்ளித்தீயலில் நடப்பது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள், தீயல் கேரள எல்லைக்கு இரு பக்கமும் உண்டு, உங்கள் வீட்டு முறை கொஞ்சம் வேறாக இருக்கலாம். கால் கிலோ உரித்த உள்ளிக்கு ஒரு மூடித் தேங்காய், இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஆறேழு மிளகாய் வத்தல், அரைத் தேக்கரண்டி நல்லமிளகு, ஒரு சிட்டிகை வெந்தயம், எலுமிச்சை அளவு புளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவலை மட்டும் முதலில் சிறு தீயில் வறுக்க வேண்டும், நன்றாகச் சிவக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். பாதிச் சிவப்பில் மல்லியும் வத்தலும் மிளகும், இறக்கும் தறுவாயில் வெந்தயமும் சேர வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தேங்காய் சிவக்கும் முன்பே வெந்தயமும் வத்தலும் கருகிவிடும். தீயல் கசப்பதற்கு முக்கால்வாசி நேரம் அதுதான் காரணம். உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் உப்புப் போட்டு நன்கு குழைய வதக்கிய பிறகே புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும். புளியின் அமிலத்தில் வெங்காயத்தின் நார் இளகாது. அரைவேக்காட்டில் புளி சேர்த்தால் அரை மணி நேரம் கொதித்தாலும் உள்ளி நறுக்கென்றே கிடக்கும். நீரிழிவுக்காரருக்குத் தீயல் ஆகுமா என்றால், தாராளமாக ஆகும். கவனிக்க வேண்டியது பக்கத்தில் குவியும் சோற்றின் அளவு.

உள்ளி நம் மண்ணில் பிறந்தது என்பது தவறு. வெங்காயத்தின் காட்டு உறவினங்கள் ஈரான், துர்க்மெனிஸ்தான் பக்கத்து மலைகளில்தான் இன்றும் இருக்கின்றன. மத்திய ஆசியாவே அதன் பிறப்பிடம் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. பாபிலோனியர்கள் சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் எழுதிய சமையல் குறிப்புகள் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன, அவற்றில் வெங்காயமும் பூண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. எகிப்தின் நான்காம் ராம்செஸ் மன்னனின் பதப்படுத்திய உடலில் கண்குழிகளில் வெங்காயத்தை வைத்திருந்தார்கள். எகிப்தில் தின்ற வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து இஸ்ரவேலர் அழுததை எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் நம் ஊரில் பலரும் வாசித்திருப்பார்கள். பிரமிடு கட்டிய தொழிலாளர்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்காக 1,600 தாலந்து வெள்ளி செலவானது என்று கல்வெட்டு சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதைப் பலர் உண்மைக் கணக்காகப் பகிர்கிறார்கள். பிரமிடு எழுந்து ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல், வழிகாட்டி சொன்னதைக் கேட்டு அவர் எழுதியது அது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இந்தியாவுக்கு அது வந்தும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் வெங்காயத்தின் குணம் சொல்லப்பட்டிருக்கிறது. அதே நாட்டில் அதை விலக்கியவர்களும் இருந்தார்கள். சீனாவிலிருந்து ஐந்தாம் நூற்றாண்டில் வந்த பாஹியானும் ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கும் வடக்கே மக்களில் பெரும்பாலோர் வெங்காயம், பூண்டைத் தொடுவதில்லை என்று குறித்திருக்கிறார்கள். கோயில் மடைப்பள்ளிகளில் இன்றும் அது நுழைவதில்லை. ஆக, முன்னோர் எல்லாரும் ஒரே குரலில் மருந்து என்று கொண்டாடினார்கள் என்பதற்கு இடமில்லை. கொண்டாடியவர்களும் ஒதுக்கியவர்களும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள்.

வீட்டு வைத்தியங்களில் சிலதைத் தரம் பிரித்துச் சொல்லலாம். புழுவெட்டு விழுந்து வட்டமாக முடி உதிர்ந்த இடத்தில் உள்ளியை அரிந்து தேய்ப்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2002-இல் பாக்தாதிலிருந்து வெளியான ஆய்வில், வெங்காயச் சாற்றைத் தினம் இருமுறை தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது, வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் எட்டு வாரம் ஆகியும் 2 பேருக்குத்தான் முளைத்தது. ஆய்வு சிறியது, புழுவெட்டு தானாகவும் ஆறக்கூடியது, வழுக்கைக்கு இது பொருந்தாது. எரிச்சலோ கொப்பளமோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இருமலுக்கு உள்ளிச் சாறும் கருப்பட்டியும் தொண்டைக்கு இதம் தரும், நோயைக் குணமாக்காது. கருப்பட்டிக்குப் பதில் தேன் சேர்ப்பதானால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எக்காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது, தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமி அந்த வயதில் உயிருக்கு ஆபத்து. காது வலிக்கு உள்ளிச் சாறு விடுவது வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே இறங்கும். வலிப்பு வந்தவர் மூக்கில் நசுக்கிய உள்ளியை வைத்து நேரம் போக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அறுத்த வெங்காயம் அறையில் உள்ள கிருமியை உறிஞ்சும், அதனால் அடுத்த நாள் விஷமாகிவிடும் என்பதில் துளியும் உண்மையில்லை. மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம்.

இனி அழுகிய ஐந்து கிலோ. நம் மாவட்டத்தில் உள்ளி பெரிதாக விளைவதில்லை. நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கும் அங்கிருந்து மற்ற கடைகளுக்கும் வருவது திண்டுக்கல், பெரம்பலூர், திருப்பூர், தென்காசிப் பக்கங்களிலிருந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக. விளைந்த இடம் வறண்டது. வந்து சேரும் இடத்தில் ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வெங்காயம் உறக்கத்தில் இருக்க இரண்டு நிலை உண்டு: பனிக்கட்டி உறையும் சூட்டை ஒட்டிய குளிர், அல்லது 25 டிகிரிக்கு மேல் சூடு. இரண்டுக்கும் காற்றின் ஈரம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நம் வீட்டுச் சூடு உள்ளிக்கு ஒத்துக்கொள்ளும், ஈரம்தான் ஒத்துக்கொள்ளாது. மழைக்காலத்தில் ஈரம் அந்த அளவைத் தாண்டியே நிற்கும், விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்னும் கூடுதல். வெளித்தோல் காய்ந்து சலசலக்கும்வரை அது உள்ளிக்குக் கவசம். ஈரம் குடித்துத் துவண்டால் பூஞ்சணம் கழுத்து வழியாக உள்ளே இறங்கிவிடும். ஃபிரிட்ஜில் முழு உள்ளியை வைப்பதும் தவறு. அங்குள்ள குளிர் முளைப்பதைத் தடுக்கப் போதாது, ஈரமோ அதிகம்.

மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சேர்த்து வாங்குவதானால் மாசி பங்குனியில் வாங்குங்கள், பழைய உள்ளியா என்று கேட்டு வாங்குங்கள். புதிதாகப் பறித்த உள்ளி பளபளப்பாகவும் விலை மலிவாகவும் இருக்கும், கழுத்து பச்சையாக இருக்கும், கையில் பிடித்தால் குளிர்ச்சி தட்டும். அது சமைக்க நல்லது, வைக்க ஆகாது. கழுத்தை விரலால் நசுக்கினால் மெல்லிசாகக் காய்ந்து மூடியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து கொட்டி, அடிபட்டதையும் நனைந்ததையும் எடுத்துவிட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் பரப்புங்கள். பிறகு வலைப்பையில் தொங்கவிடுங்கள், அல்லது பனையோலைப் பெட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது. உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்கக் கூடாது, அது விடும் ஈரத்தை உள்ளி வாங்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கொட்டிப் பொறுக்க வேண்டும். ஒன்று அழுகினால் அதன் நீர் பட்டதெல்லாம் அழுகும். உரித்த உள்ளியை ஈரம் துடைத்து மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பது மட்டும் வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெயின் அடியில் அந்தப் பொட்டுலிசக் கிருமியே வளரக்கூடும்.

தோலுக்கடியில் கரித்தூள் போலப் படிந்திருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சணம். 2021-இல் கொரோனா நேரத்தில் பரவிய கறுப்புப் பூஞ்சை நோய் இதனால் வருகிறது என்ற வதந்தியில் உண்மையில்லை. அந்த நோயை உண்டாக்கியது முற்றிலும் வேறு பூஞ்சை. தூள் வெளி அடுக்கோடு நின்றால் அந்த அடுக்கை எடுத்துவிட்டு ஓடும் தண்ணீரில் கழுவிச் சமைக்கலாம். சதை பழுப்பாகியோ கொழகொழத்தோ நாற்றமடித்தோ இருந்தால் முழுதாக எறியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தத் தூளைத் தட்டிப் பறக்கவிடாமல் இருப்பது நல்லது. முளைத்த உள்ளியில் கெடுதல் இல்லை, கிழங்கு சற்றுச் சப்பென்றிருக்கும், முளையை அரிந்து துவரனில் போடலாம்.

முளைத்ததை நட்டும் பார்க்கலாம். ஆனால் மழைக்கு முன் நடாதீர்கள். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு தை மாதம் நட்டால், கோடை மழை வருவதற்குள் பங்குனியில் பறித்துவிடலாம். உள்ளிக்கு 65 முதல் 90 நாள் போதும். செம்மண், மணல், மட்கிய சாணம் சம அளவில் கலந்து, நுனி வெளியே தெரிய, நான்கு விரல் இடைவெளியில் ஊன்ற வேண்டும். தழைச்சத்து உரம் கூடினால் இலை கொழுத்துக் கழுத்து தடிக்கும், தடித்த கழுத்து காயாமல் அழுகும். இலை மஞ்சளாகிச் சாயத் தொடங்கியதும் பத்து நாள் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பிடுங்குங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றும் வறட்சியும் இருப்பதால் அங்கே சுலபம். உங்கள் மார்த்தாண்டத்தில் ஒரு சாண் உயர்த்திய பாத்தியில் மட்டும் முயலுங்கள்.

அழுகிய உள்ளியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் அதை மாட்டுத் தொட்டியில் கொட்டுகிறார்கள். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் மாட்டின் சிவப்பணுக்களை உடைக்கும். நிறையத் தின்ற மாடு சோர்ந்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போகும், சாவதும் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் இதே ஆபத்து உண்டு: பூனைக்கு அதன் எடையில் கிலோவுக்கு 5 கிராம், நாய்க்கு 15 கிராம் சென்றாலே ரத்தம் பாதிக்கப்படலாம், வேகவைத்தாலும் இந்த நஞ்சு போவதில்லை. உள்ளி போட்ட மீன் குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அழுகியதைத் தென்னை மூட்டில் ஒரு முழம் தள்ளிக் குழி தோண்டி, மாடும் நாயும் கிளறாதபடி மண்ணால் மூடிவிடுங்கள்.